பதினேழாம் வழித்தடத்துக்கு மாற்றலாகி வருகிறவருக்கு

கணக்கெல்லாம் மெஷினில் இருக்கிறது.
அதில் ஏறாத சிலவற்றை
இந்தத் தாளில் எழுதிவைக்கிறேன், சங்கரகோமதி.
திருநெல்வேலியிலிருந்து வருகிறீர்களாம்.
காரைக்குடியில் ஆறு என்றதும்
படித்துறையைத் தேடிப் போய்விடாதீர்கள்.

'தேனாறு ரிவர் வியூ கார்டன்' என்று
மஞ்சள் பலகை இருக்கும், மனை விற்றவர்கள் வைத்தது.
வியூ உண்டு.
ரிவர், போன வருஷம் நான் எண்ணியபடி, பதினோரு நாள்.
மற்ற நாளெல்லாம் மணல், கருவேலம்,
மட்டையும் பந்துமாய்ப் பையன்கள்.
அவர்களுக்கு ஸ்டம்பு
நம் இலாகா நட்டு மறந்த அரைக் கம்பம்.
நான் புகார் எழுதவில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

ஏழரைக்குத் தொடங்கினால்
முதல் தெரு முடிகையில் பசிக்கும்.
பாலத்துக்கு மேற்கே தகரக் கூரை, சாத்தையா கடை.
பெயர் எழுதியிருக்காது, புகை தெரியும்.
வெள்ளைப் பணியாரம் கேளுங்கள்.
வரமிளகாய்ச் சட்னியைத் தொட்டுக்கொள்ளுங்கள்,
தோய்க்காதீர்கள்.
நான் தோய்த்தேன்.
அடுத்த நாலு வீட்டு ரீடிங்கைக்
கண்ணீரோடு எடுத்தேன்.
நாலாவது வீட்டம்மா, சிட்டாள் ஆச்சி,
எனக்கு ஏதோ பெருந்துக்கம் என்று
மோர் கொடுத்து உட்காரவைத்துத்
தன் மருமகன் கதை முழுக்கச் சொன்னார்.
நல்ல மோர்.

மதியத்துக்கு
'செட்டிநாடு' என்று ஆளுயர எழுத்தில் ஓர் இடம் கூப்பிடும்.
ஏசி இருக்கிறது, மே மாதம் போகலாம்.
அங்கே சமைக்கிற ஒடிசாக்காரர்
கைதேர்ந்தவர்தான்.
ஆனால் அவர் சாப்பிடுவது எதிர்த்தாற்போல்
ராவியத்தம்மா கடையில்.
செவ்வாய் என்றால் காடை, புதன் நெத்திலி,
வியாழன் அவர் இஷ்டம்.
இரண்டரைக்கு மேல் போங்கள்.
சோறு ஆறியிருக்கும்,
குழம்பு சட்டியடியில் கொஞ்சம் கிடக்கும்.
அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் இரண்டரை.

சாயங்காலம் நீரேற்று நிலையத்தின் பின்சுவர்.
முட்டி உயரம், மேற்குப் பார்த்தது,
ஐந்து மணிக்கும் சூடு விடாது,
பையைப் போட்டு அதன்மேல் உட்காருங்கள்.
அடைக்கலம் பருத்திப்பால் கேனோடு வருவார்.
சுக்கு தூக்கல். இனிப்புக் குறைக்கச் சொன்னால்
முறைப்பார், குறைக்க மாட்டார்.
ஷிப்ட் முடிந்த நர்சுகள் செருப்பைக் கையில் பிடித்து
மணலில் கடைசி வரை நடந்து திரும்புவார்கள்.
பைக்கை மறைவில் நிறுத்திய ஜோடிகள் இருக்கும்.
நாம் கம்பியைப் பார்க்கிறவர்கள்,
கம்பியையே பார்த்தால் போதும்.

வேலை ஒற்றைப்படை மாதம்தான்.
நான் எல்லா மாதமும் போனேன்.

ஒன்றைச் சொல்ல மறந்தேன்.
போன கார்த்திகையில்
ராத்திரி எட்டு மணிக்குத் தண்ணீர் வந்தது.
பெரிய வெள்ளமில்லை,
சகதி நிறத்தில் ஒரு சுருட்டு,
முன்னால் பிளாஸ்டிக்கும் கருவேல முள்ளும்
தள்ளிக்கொண்டு.
அதே நேரம் டிரான்ஸ்பார்மர் போயிற்று.
நகர் முழுக்கப் பாலத்துக்கு வந்துவிட்டது,
செல்போன் வெளிச்சத்தை ஆற்றில் அடித்துக்கொண்டு.
அரைக் கம்பம் நனைகிறதா என்று
பையன்கள் பந்தயம் கட்டினார்கள்.
சாத்தையா அடுப்பைக் கைப்பிடிச் சுவருக்கே மாற்றினார்.
ஒன்பதரைக்கு மாவு தீர்ந்தது.
யார் வீட்டிலிருந்தோ தோசை மாவு வந்தது,
அதையே குழியில் ஊற்றினார், யாருக்கும் குறையில்லை.
பில் அதிகம் என்று என்னிடம்
மூன்று வருஷமாய்ச் சண்டை போடும் காசிவிசுவநாதன்
வாழைச் சருகில் இரண்டை வைத்து
ஒன்றும் பேசாமல் நீட்டினார்.

பதினொன்றுக்குத் தெருவிளக்கு எரிந்தது.
'ச்சே, வந்துருச்சுப்பா' என்றது
பாலம் மொத்தமும்.
என் பதினாறு வருஷ வேலையில்
கரண்ட் வந்ததற்காகத் திட்டு வாங்கியது
அன்றைக்கு மட்டும்தான்.

நாற்பத்திரண்டாம் எண் வீட்டில் நாய்.
கட்டியிருக்கிறது என்பார்கள், நம்பாதீர்கள்.

சாத்தையாவுக்கு நான் அறுபது ரூபாய் பாக்கி.
நீங்கள் கொடுத்துவிட வேண்டாம்.
சிவகங்கையிலிருந்து ஒரு ஞாயிறு
நானே வந்து கொடுக்கிறேன்.
அதுவரை அவர் மறந்துவிட்டால்
லேசாய் ஞாபகப்படுத்துங்கள்.